காட்டுச் செய்தியைக் கச்சேரிக்குக் கொண்டுசென்ற வைத்தியர்

கிளெக்ஹோர்ன் என்னும் பெயரைக் கேட்டதும் ஈழத்தவராகிய பெற்றோர் பலருக்கும் 1799ஆம் ஆண்டுக் குறிப்பே நினைவுக்கு வரும். இலங்கைத் தீவிலே மிகப் பழைய காலந்தொட்டு இரு வேறு தேசத்தார் தத்தமக்கென நிலப்பரப்பு உடையவராய் வாழ்ந்து வருகின்றனர் என்று பிரித்தானிய ஆட்சியின் தொடக்கத்திலேயே எழுதி வைத்தவர் ஹியூ கிளெக்ஹோர்ன். ஸ்கொத்லாந்திலுள்ள சென் அன்றூஸ் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்தவர் அவர். கொழும்பைக் காத்து நின்ற ஒல்லாந்தரின் படைகளுள் சுவிற்சர்லாந்துக் கூலிப்படை ஒன்றும் இருந்தது. அப்படைக்கு உரிமையாளரான டி மியூரன் பிரபுவைச் சந்தித்துப் பேசி, அதனை ஆங்கிலேயர் பக்கம் திருப்பியவரும் அவரே. பின்னர் இலங்கையின் முதலாவது குடியேற்ற நாட்டுச் செயலாளராகவும் பதவி வகித்தார். அவரது குறிப்பு நம்மவர் மேடைகளில் எத்தனையோ முறை எடுத்துக் கூறப்பட்டுள்ளது.

ஆயினும் இக்கட்டுரை அவரைப் பற்றியதன்று. அவருடைய பெயரையே தாங்கி, அவருடைய வீட்டிலேயே வளர்ந்த பேரன் ஒருவர் இருந்தார். பாட்டனார் எழுதிய குறிப்பு நெடுங்காலம் கோப்பிலே கிடந்தது. பேரன் எழுதிய அறிக்கைகளோ அவர் கண்முன்னேயே ஆணைகளாயின, ஒரு திணைக்களமாயின. அறிந்தவர் சொல்வது ஆள்பவர் காதில் விழுவதற்கு என்னென்ன வேண்டும் என்பதையும், விழுந்தபின் என்னென்ன நேரும் என்பதையும் இந்தப் பேரனின் வாழ்க்கையிலே காணலாம்.

ஹியூ பிரான்சிஸ் கிளார்க் கிளெக்ஹோர்ன் 1820ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 9ஆம் நாள் பிறந்தது நமது சென்னைப் பட்டினத்திலே. தந்தையார் அங்கு உயர்நீதிமன்றப் பணியில் இருந்தார். அக்கால வழக்கப்படி நான்கு வயதுப் பாலகன் தாய் தந்தையரைப் பிரிந்து கப்பலேற்றப்பட்டான். ஸ்கொத்லாந்தின் பைஃப் பகுதியிலுள்ள ஸ்றவிதி என்னும் பண்ணையிலே பாட்டனாரின் பராமரிப்பில் வளர்ந்தான். நிலத்தைப் பேணுவது எவ்வாறு, குத்தகைக்காரரிடம் பேசுவது எவ்வாறு, கணக்கெழுதுவது எவ்வாறு என்பனவற்றைச் சிறுவயதிலேயே கண்டு பழகினான். இப்பழக்கம் பிற்காலத்தில் பட்டப்படிப்பைக் காட்டிலும் அவருக்கு அதிகமாக உதவியது என்பது என் கருத்து.

எடின்பரோவிலும் சென் அன்றூசிலும் கல்வி கற்று, எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் 1841ஆம் ஆண்டு மருத்துவப் பட்டம் பெற்றார். மருத்துவம் படித்தவர் எவ்வாறு காட்டுக்குச் சென்றார் என மாணவர்கள் வியப்படையக்கூடும். அன்றைய மருந்துகளுட் பெரும்பாலானவை செடி கொடிகளிலிருந்தே பெறப்பட்டன. ஆகையால் மருத்துவ மாணவர் அனைவரும் தாவரவியல் கற்க வேண்டியிருந்தது. கிழக்கிந்தியக் கம்பனியின் கீழ் இந்தியாவில் செடிகளை ஆராய்ந்தவர்களுட் பெரும்பாலானோர் வைத்தியர்களாக இருந்தமைக்குக் காரணம் இதுவே. நமது சித்த வைத்தியர்கள் மூலிகை அறிந்தவர்களாக இருந்ததையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம்.

1842ஆம் ஆண்டு கம்பனியின் வைத்தியராகச் சென்னைக்குத் திரும்பினார். பொது வைத்தியசாலையில் சிறிதுகாலம் பணியாற்றிய பின் மைசூர் நாட்டுக்கு அனுப்பப்பட்டார். 1845 முதல் 1847 வரை அவர் இருந்த இடம் சிமோகா. மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சாரலில், மழையும் மரமும் செழித்த ஊர் அது. நாளுக்கு ஒரு செடியைக் கால் மணி நேரமாவது கூர்ந்து நோக்க வேண்டும் என்று மூத்த தாவரவியலாளர் ஒருவர் கூறிய அறிவுரையை அவர் அங்கே கடைப்பிடித்தார். மராத்தியர் ஒருவரை ஓவியராக அமர்த்தி, ஒவ்வொரு நாளும் ஒரு செடியை வரைவித்தார். நாள்தோறும் கால் மணி நேரம் என்பது சிறிதாகத் தோன்றலாம். இரண்டாண்டில் அது ஒரு நூலகமாகிவிட்டது.

செடியை நோக்கிய கண் காட்டையும் நோக்கியது. தேக்கும், ஈட்டியும், சந்தனமும் கேட்பாரின்றி வெட்டப்பட்டன. வெட்டியவற்றுள் நல்ல பாகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மிகுதியை உக்கும்படி விட்டனர். இதனுடன் குமரி என்னும் பயிர்முறையும் இருந்தது. நம் பெற்றோர் சேனைப் பயிர்ச்செய்கை என்று அறிந்ததே அது. காட்டின் ஒரு துண்டை வெட்டி எரித்துச் சாம்பலில் விதைத்து, ஓரிரு போகம் எடுத்தபின் அவ்விடத்தை விட்டு வேறிடம் செல்வார்கள். விட்ட நிலம் பல ஆண்டு ஓய்ந்திருந்து மீண்டும் காடாகும். பாலையும், வீரையும், முதிரையும் நிறைந்த வன்னிக் காட்டோரத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் இளம் வைத்தியருக்கு அது அழிவாகவே தோன்றியது. இதனைப் பின்னர் மீண்டும் பார்ப்போம்.

1848இல் காய்ச்சலால் உடல்நலம் குன்றி ஸ்கொத்லாந்துக்குத் திரும்பினார். நோயாளியாகத் திரும்பிய அக்காலமே அவருடைய வாழ்க்கையின் திருப்புமுனையாயிற்று. 1850இல் விஞ்ஞான முன்னேற்றத்துக்கான பிரித்தானியச் சங்கம் தனது ஆண்டுக் கூட்டத்தை எடின்பரோவில் நடாத்தியது. வெப்ப வலயக் காடுகளை அழிப்பதால் பொருளாதார முறையிலும் இயற்கை முறையிலும் நேரக்கூடிய விளைவுகளை ஆராய்ந்து கூறுமாறு அச்சங்கம் ஒரு குழுவை நியமித்தது. குழுவில் இடம்பெற்றோரைக் கவனியுங்கள். முப்பது வயது வைத்தியரான கிளெக்ஹோர்ன் ஒருவர். இந்தியாவில் தாவரவியற் பூங்காவை நடத்தி, மருந்துச் செடிகளைப் பற்றிக் கற்பித்த போப்ஸ் றொயில் இன்னொருவர். மற்றைய இருவரான பெயர்ட் ஸ்மித், றிச்சட் ஸ்றச்சி ஆகியோர் பொறியியலாளர்கள். கால்வாய்களையும் நீரையும் அறிந்தவர்கள். ஒரே துறையைச் சார்ந்த நால்வர் ஒன்றுகூடியிருந்தால் அத்துறையினருக்கு மட்டுமே விளங்கும் அறிக்கை பிறந்திருக்கும்.

அவ்வறிக்கை 1851இல் இப்ஸ்விச் நகரில் நடந்த கூட்டத்திற் சமர்ப்பிக்கப்பட்டது. இந்தியாவின் பல பாகங்களிலும் கடமையாற்றிய உத்தியோகத்தர்கள் எழுதியனுப்பிய செய்திகளை அதிலே திரட்டித் தந்திருந்தனர். நான் மிகவும் மதிக்கும் ஒரு பண்பு அதிலே உண்டு. மரம் இருந்தால் மழை வரும் என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறோம். அக்காலத்தில் ஐரோப்பியர் பலரும் அவ்வாறே நம்பினர். காடு அழிந்தால் நாட்டு மழை குறைந்துவிடும் என்று ஓங்கிக் கூறியிருந்தால் ஆட்சியாளர் அஞ்சியிருப்பர். அறிக்கையும் புகழ் பெற்றிருக்கும். குழுவினர் அவ்வாறு செய்யவில்லை. ஒரு நாட்டின் மொத்த மழைவீழ்ச்சி காட்டினால் மாறுமா என்பது இன்னும் நிறுவப்படாதது என்று அதனை ஒருபுறம் வைத்தனர். மலைச்சாரலில் மண் அரிப்புண்பதும், ஊற்றுகள் வற்றுவதும், நாட்டுக்கு வேண்டிய மரம் கிடைக்காமற் போவதும் கண்ணுக்குத் தெரிந்த உண்மைகள் என்று அவற்றின்மேல் தமது வாதத்தைக் கட்டினர். அறுதியாகத் தெரிந்ததையும் தெரியாததையும் வேறாக்கிக் காட்டிய அறிக்கை என்பதால் அதனை எவரும் எளிதில் தட்டிக்கழிக்க முடியவில்லை.

கிளெக்ஹோர்ன் மீண்டும் சென்னை வந்தார். மருத்துவக் கல்லூரியில் தாவரவியற் பேராசிரியரானார்; விவசாய, தோட்டக்கலைச் சங்கத்தின் செயலாளராகவும் பணிபுரிந்தார். இக்காலத்தில் அவர் செய்த ஆய்வுகளுள் ஒன்று கடற்கரை மக்களாகிய நமக்கு இனிக்கும். சென்னைக் கடற்கரையில் மணலை வாரிச் செல்லும் காற்றைத் தடுத்து, மணலைக் கட்டிப்பிடித்து வைக்கும் செடிகள் எவை என்று ஆராய்ந்து எழுதினார். நம்மூர்க் கடற்கரையில் ஊதா நிறத்திற் பூக்கும் அடம்பன் கொடி அத்தகையதே. சிறுவர் உருட்டி விளையாடும் முட்பந்து போன்ற இராவணன் மீசையும் அவ்வாறே மணலைக் காக்கும். ஒற்றுமைக்கு உவமையாக அடம்பன் கொடியைப் பழமொழியில் வைத்த நம் முன்னோர் கடற்கரையைக் கூர்ந்து பார்த்தவர்களே. வேலிக்கு உகந்த செடிகளைப் பற்றியும் கிளெக்ஹோர்ன் ஒரு கட்டுரை எழுதினார். எந்த மண்ணுக்கு எந்த வேலி என்பது யாழ்ப்பாணத்தவர் எவருக்கும் அற்பமான கேள்வியாகத் தோன்றாது.

அப்போது சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்தவர் ஹரிஸ் பிரபு. காடுகளுக்கென ஒரு திணைக்களத்தை நிறுவ அவர் விரும்பினார். 1855இல் ஆளுநர் நாயகம் டல்ஹௌசிப் பிரபு காடுகளைப் பற்றி ஓர் ஆணைக்குறிப்பு வெளியிட்டிருந்ததால் காலமும் கனிந்திருந்தது. 1856ஆம் ஆண்டின் இறுதியில், கொன்சவேற்றர் என்று ஆங்கிலத்தில் அழைக்கப்படும் காட்டுப் பாதுகாவலர் பதவி கிளெக்ஹோர்னுக்கு வழங்கப்பட்டது. சென்னை மாகாணத்தின் முதலாவது காட்டுப் பாதுகாவலர் அவரே. பம்பாய் மாகாணத்தில் அலெக்சாண்டர் கிப்சன் என்பவர் 1847இலேயே இத்தகைய பதவியை ஏற்றிருந்தார். அவரும் ஒரு வைத்தியர்தான்.

அதே 1856ஆம் ஆண்டிலே சென்னையில் வேறொன்றும் நிகழ்ந்தது. யூலை மாதம் முதலாம் நாள் இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டை அடுத்த வாலாஜா வரை, தென்னிந்தியாவின் முதற் புகையிரதப் பாதை திறந்து வைக்கப்பட்டது. மக்கள் புதுமை கண்டு மகிழ்ந்தனர். காட்டுக்கோ அது பெருங்கேடாயிற்று. தண்டவாளங்களைத் தாங்கும் சிலிப்பர் கட்டைகள் அனைத்தும் அந்நாளில் மரத்தாலானவை. வெயிலும் மழையும் கறையானும் அவற்றை நீண்டகாலம் நிலைக்க விடா. ஒருமுறை இட்டதோடு வேலை முடிவதில்லை. சில ஆண்டுகள் கழிய மீண்டும் இட வேண்டும். சென்னை மாகாணத்தின் பாதைகளுக்கு மாத்திரம் உள்ளூர்க் காடுகளிலிருந்து ஆண்டுதோறும் ஏறத்தாழ 250,000 கட்டைகள் தேவைப்பட்டன என்றும், அதற்கு 35,000 மரங்கள் விழ வேண்டும் என்றும் கணக்கிடப்பட்டது. மாணவர்கள் வகுத்துப் பார்க்கலாம்: ஒரு மரத்துக்கு ஏழு கட்டைகள். போதாதென்று புகையிரத இயந்திரங்களின் அடுப்பும் விறகையே உண்டது. வடக்கே பால்ற்றிக் கடலோர நாடுகளிலிருந்து பைன் மரக்கட்டைகளைக் கப்பலேற்றிக் கொண்டுவரவும் நேர்ந்தது. ஒரு தேக்கு மரம் முற்றுவதற்கு அறுபது எண்பது ஆண்டுகள் வேண்டும்.

இங்கேதான் கிளெக்ஹோர்னின் திறமை வெளிப்பட்டது. மரங்களை நேசியுங்கள் என்று அவர் பொறியியலாளரிடம் சொல்லவில்லை. எந்த மரம் எத்தனை ஆண்டு தாங்கும், எம்மலையில் அது நிற்கிறது, எவ்வழியாக இறக்கலாம், இன்று வெட்டினால் மறுபடி எப்போது கிடைக்கும் என்று சொன்னார். வருவாய்த்துறையினரிடம் வரவு செலவைச் சொன்னார். தாவரவியலாளருக்கு இலத்தீன் பெயர்; வெட்டுபவருக்கு ஊர்ப் பெயர். ஆண்டுதோறும் அவர் எழுதிய அறிக்கைகளைத் திரட்டித் தென்னிந்தியாவின் காடுகளும் தோட்டங்களும் என்னும் பொருள்படும் தலைப்புடன் 1861இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். ஒரு திணைக்களத்தின் அறிக்கைகள் புத்தகமாகிப் பொதுமக்கள் கைக்கு வருவது அன்று அரிது. இன்றும் அரிதுதான்.

கச்சேரியில் இருந்துகொண்டு அவர் காட்டை ஆளவில்லை என்பதையும் கூற வேண்டும். (கச்சேரி என்றதும் பாட்டுக் கச்சேரியை எண்ணும் இக்காலப் பிள்ளைகளுக்காக ஒரு விளக்கம்: மாவட்ட அரசாங்க அலுவலகத்தை நம் பெரியோர் அவ்வாறே அழைத்தனர்.) குதிரை மீதும், மாட்டு வண்டியிலும், கால்நடையாகவும் மாகாணத்தின் காடுகளை நேரிற் சென்று பார்த்தார். 1858இல் ஆனைமலையின் உயர்ந்த முகடுகளுக்குச் சென்றார். படை அதிகாரியும் சித்திரம் வரைவதில் வல்லவருமான டக்ளஸ் ஹமில்ற்றன் உடன் சென்று அக்காட்சிகளை வரைந்தார். அம்மலைக் காடுகளின் தேக்கு பம்பாய்க் கப்பற்கட்டுந் தளத்துக்குச் சென்றுகொண்டிருந்தது. அங்கு வாழும் காடர், மலசர் ஆகிய மக்களைப் பற்றியும் கிளெக்ஹோர்ன் குறித்து வைத்தார். அவர்களுடைய துணை இன்றி அம்மலைகளில் ஒரு காதம்கூட எந்த ஐரோப்பியரும் நடந்திருக்க முடியாது.

வெட்டுவதைத் தடுப்பதோடு நட்டு வளர்ப்பதும் அவருடைய திட்டத்தில் இருந்தது. மலபார் கலெக்டராக இருந்த கொனலி 1840களில் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் ஒன்றைத் தொடங்கியிருந்தார். தேக்கு விதை எளிதில் முளைக்காது. முயன்று முயன்று தோற்ற பின் அதனை முளைக்க வைத்துத் தோட்டமாக்கியவர் சாத்து மேனோன் என்னும் உள்ளூர் உத்தியோகத்தர். கொனலி 1855இற் கொலையுண்டார். தொடங்கியவர் மறைந்ததும் முயற்சி பாழாவது நம் நாடுகளில் வழக்கம். ஆனால் புதிய திணைக்களம் அத்தோட்டத்தைப் பேணியது. சாத்து மேனோனின் தேக்குகளுட் சில இன்றும் நிலம்பூரில் வானளாவி நிற்கின்றன.

இனி, முன்னர் விட்ட குமரிக்கு வருவோம். கிளெக்ஹோர்னின் வற்புறுத்தலால் 1860இல் சென்னை அரசாங்கம் தனது காடுகளில் குமரிப் பயிர்ச்செய்கையைத் தடைசெய்தது. ஓர் ஆய்வாளரின் சொல்லை அரசு அப்படியே ஏற்றுக்கொண்டதற்கு இதனை உதாரணமாகக் காட்டுவர். காட்டைப் பார்த்தால் அது உண்மையே. மக்களைப் பார்த்தால் அவ்வாறன்று. குமரியை நம்பி வாழ்ந்தோர் ஓரிரவில் சட்டத்தை மீறியவர்களாயினர். அவர்களுக்கும் காட்டைப் பற்றிய அறிவு இருந்தது. எவ்விடத்தை எத்தனை ஆண்டு ஓயவிட வேண்டும் என்பதைப் பரம்பரையாக அறிந்திருந்தனர். சனத்தொகை குறைந்த இடத்தில் நீண்ட இடைவெளி விட்டுச் செய்யும் அப்பயிர்முறை காட்டை முற்றாக அழிப்பதில்லை என்று பிற்கால ஆய்வாளர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். மலையிலிருந்து கச்சேரிக்குச் செய்தி கொண்டுசெல்லக் கிளெக்ஹோர்ன் இருந்தார். குமரிக்காரர் சார்பில் அங்கே சென்று பேச எவரும் இருக்கவில்லை. புகையிரதத்துக்கு வெட்டப்பட்ட மரங்களையும் குமரிக்கு எரிந்த மரங்களையும் ஒரு தராசில் வைத்தால் எது தாழ்ந்திருக்கும் என்று நான் எண்ணுவதுண்டு. தடை விழுந்தது எளியவர் மேல்தான். நிலமும் காடும் பிறர் எழுதிய காகிதத்தினாற் கைமாறுவதன் பொருளை அறிந்த மக்கள் நாம். ஆகையால் இப்பெரியாரைப் போற்றும்போது இதையும் சேர்த்தே பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

சென்னைப் பணியை 1860இல் தமது உதவியாளரான பெடோமிடம் ஒப்படைத்து விடுமுறையிற் சென்றவர், 1861இல் மாபெல் கவன் என்னும் அம்மையாரை மணந்துகொண்டு இந்தியா திரும்பினார். இம்முறை அழைப்பு பஞ்சாபிலிருந்து வந்தது. இமயத்தின் மேற்குப் பகுதியில் தேவதாருக் காடுகள் எவ்வளவு எஞ்சியுள்ளன என்று அரசாங்கத்துக்குத் தெரியவில்லை. மலையில் வெட்டிய மரங்களை ஆற்றிலே மிதக்கவிட்டுச் சமவெளியிற் பிடிப்பது அங்குள்ள முறை. செனாப், ராவி, பியாஸ், சட்லஜ் ஆகிய ஆறுகளின் பள்ளத்தாக்குகளில் ஏறி அளந்து 1864இல் அறிக்கை தந்தார். அவ்வாண்டிலேயே இந்தியா முழுமைக்குமான முதற் காட்டு ஆய்வதிபதியாக ஜேர்மனியரான டீற்றிச் பிராண்டிஸ் நியமிக்கப்பட்டார். கிளெக்ஹோர்ன் மூத்தவர், அனுபவம் மிக்கவர். இருந்தும் மனம் கோணாது பிராண்டிசோடு இணைந்து பணிபுரிந்தார். 1867இல் பிராண்டிஸ் விடுமுறையில் இருந்தபோது அவர் இடத்திலிருந்து பதிற்கடமையும் ஆற்றினார். இந்தியாவின் முதலாவது காட்டுச் சட்டம் 1865இல் பிறந்தது.

இருவரும் விதைத்தது வளர்ந்தபோது அவர்கள் எண்ணிய வடிவிலேயே வளர்ந்தது என்று கூற முடியாது. 1878இல் வந்த இரண்டாவது சட்டம் அரசின் பிடியை மிக இறுக்கியது. கிராமத்தவர் விறகும் தழையும் எடுப்பதும், ஆடு மாடு மேய்ப்பதும் அவர்களின் உரிமையாக இருந்த நிலை மாறி, அரசு தரும் சலுகையாயிற்று. அதனை அப்படியே ஏற்க மறுத்த மாகாணம் எது தெரியுமா? சென்னைதான். கிராமத்தவருக்குக் காட்டில் பழைய உரிமை உண்டு, அதனைப் பறிக்க அரசுக்கு நியாயமில்லை என்று சென்னை வருவாய்ச் சபையின் அதிகாரிகளே வாதிட்டனர். நெடிய வாதப் பிரதிவாதங்களின் பின், பிராண்டிசின் ஆலோசனையையும் பெற்றுச் சென்னை தனக்கெனத் தனிச் சட்டத்தை 1882இல் இயற்றியது. காட்டுத் திணைக்களம் அறிந்ததை வருவாய்ச் சபை அறியவில்லை. வருவாய்ச் சபை அறிந்ததைக் காட்டுத் திணைக்களம் கேட்க விரும்பவில்லை. இரண்டையும் கேட்டறிந்து எழுதக்கூடிய கிளெக்ஹோர்ன் அப்போது ஸ்கொத்லாந்தில் இருந்தார்.

1860களின் முடிவில் ஓய்வுபெற்று ஸ்றவிதிப் பண்ணைக்குத் திரும்பிய அவர் அங்கு ஒரு விசித்திரத்தைக் கண்டார். உலகின் பெரிய காடுகளை ஆண்ட பிரித்தானியாவிற் காட்டியல் கற்பிக்க ஒரு கல்லூரிகூட இருக்கவில்லை. இந்தியக் காட்டுச் சேவைக்குத் தெரிவான இளைஞர்கள் பிரான்சின் நான்சி நகருக்கும் ஜேர்மனிக்கும் அனுப்பப்பட்டே பயிற்சி பெற்றனர். தென்னிந்தியாவில் ஆளுநரிடம் வாதாடியவர் இப்போது தமது சொந்த நாட்டு அரசாங்கத்திடமே வாதாட வேண்டியிருந்தது. ஸ்கொத்லாந்து மரவளர்ப்போர் சங்கத்துக்குத் தலைமை தாங்கினார். 1884இல் எடின்பரோவில் சர்வதேசக் காட்டியற் கண்காட்சி நடைபெற உழைத்தவர்களுள் அவரும் ஒருவர். மறு ஆண்டு பிரித்தானியப் பாராளுமன்றத் தெரிவுக்குழுவின் முன் தோன்றிச் சாட்சியமளித்தார். காட்டியலுக்கு ஒரு விரிவுரையாளர் பதவி வேண்டும் என்று நிதி திரட்டினார், தாமும் கொடுத்தார். 1889இல் எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் அப்பதவி உண்டாகியது. பிரித்தானிய அரசு தனது நாட்டுக் காடுகளுக்கென ஓர் ஆணைக்குழுவை நிறுவியதோ 1919இல். முதலாம் உலகப் போரில் மரத்துக்குத் திண்டாடிய பிறகுதான் அதற்கு அறிவு வந்தது. சென்னை மாகாணம் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே கேட்டுக்கொண்ட சொல்லை இலண்டன் கேட்க அவ்வளவு காலம் எடுத்தது.

மனைவியார் 1887இல் மறைந்தார். மக்கட்பேறு அவர்களுக்கு வாய்க்கவில்லை. 1895ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் நாள், பாட்டனாரின் கைப்பிடித்து நடந்த அதே ஸ்றவிதியில் கிளெக்ஹோர்ன் காலமானார். அலரிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கொடியினத்துக்கு அவருடைய நண்பரான றொபேட் வைற் என்னும் தாவரவியலாளர் கிளெக்ஹோர்னியா என்று பெயரிட்டிருந்தார். அப்பெயர் தாவரவியல் நூல்களில் இன்றும் உண்டு.

அவர் சேர்த்த ஓவியங்கள் ஏறத்தாழ மூவாயிரம் எடின்பரோ அரச தாவரவியற் பூங்காவைச் சென்றடைந்தன. அங்குள்ள ஆய்வாளர் ஹென்றி நோல்ற்றி அவற்றை ஒழுங்குபடுத்தி, கிளெக்ஹோர்னின் வரலாற்றையும் ஓவியங்களையும் 2016இல் இரு நூல்களாக வெளியிட்டார். அவற்றைப் புரட்டினால் தேக்கின் இலை நரம்பு ஒவ்வொன்றும் தெரியும். சென்னையில் வரைந்தவற்றுட் பல கோவிந்து என்பவரின் கைவண்ணம். வைற் நாடு திரும்பிய பின் அவரிடமிருந்து கிளெக்ஹோர்னிடம் வந்து சேர்ந்த வல்ல ஓவியர் அவர். சென்னைக் கலைப் பள்ளி மாணவர் வரைந்தவையும் அங்கே உள்ளன. சிமோகாவில் நாளுக்கொரு செடியாக இரண்டாண்டு வரைந்த அந்த மராத்தியரின் ஓவியங்களும் அவற்றினிடையே, வண்ணம் மங்காமல், இருக்கின்றன.